மேசை சின்னது

அந்த ஆடைத் தொழிற்சாலையில் மூன்றாவது லைனில் இருப்பவர்கள் எல்லோரும் அவளை லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களுக்கும் அவள் அக்காதான். அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியை ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், அவள் வேலை செய்கிற அழகை அவர் முதன்முதலாகப் பார்த்தார். பார்த்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வரிசையாகத் தையல் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன, ஆளாளுக்குத் தலை நிமிராமல் தைக்கிறார்கள், இவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன். அன்று சாயங்காலமே, சும்மா நிற்பதற்கா உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார்.

அவள் கோபப்படவில்லை. தைக்கிறவர்களைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை, துணி எங்கே குவிகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்றாள். காலர் தைக்கிறவள் பறந்து பறந்து தைக்கலாம். பட்டன் துளை போடுகிற காஜா மெஷின் முன்னால் சட்டைகள் மலையாகக் கிடந்தால் அந்த லைன் முழுக்கக் காஜா மெஷினின் வேகத்தில்தான் நகரும். அது தெரியாமல் காலருக்கு இன்னும் இரண்டு பேரைப் போட்டால் மலைதான் உயரும், முடிகிற சட்டை அதிகமாகாது. நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, ஹெல்பராகி, டெய்லராகி, ஒரு லைனையே நடத்துகிற அளவுக்கு வந்தவள் அவள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வாத்தியார் அன்றைக்கு வாயடைத்துப் போனார். அவர் வாயடைத்துப் போவது அபூர்வம்.

ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் வானொலி. காலையில் வாசல் கேட்டில் ஆரம்பித்தால் கடைசி மணி வரைக்கும் ஒலிபரப்பு உண்டு. பின்னக் கணக்கானாலும் சரி, கடைசி பெஞ்சுக்காரனின் தலைமுடியானாலும் சரி, அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். வீட்டிலும் அதே நிலையம்தான். லைன் அக்கா ‘ம்’ கொட்டுவதோடு சரி. இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் பேசியது அவ்வளவுதான் என்று அவள் தம்பியே கேலி செய்வான்.

அந்த வானொலிக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார், குரல் பிழைக்காது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். வாத்தியார் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். லைன் அக்கா இடியவில்லை. வேறு ஊரில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற தம்பிக்குப் போன் போட்டு, போகிற குரலைப் பிடித்து வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. ஒரு ஆளின் குரலில் நிறைய வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்தால், அதைத் துண்டு துண்டாக வெட்டி, புதுசு புதுசான வார்த்தைகளாகச் சேர்த்துப் பேசுகிற மென்பொருள் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது என்றான் தம்பி.

“வெட்டித் தைக்கிறதுதானே? அது நம்ம வேலைதான்” என்றாள் அவள்.

ஆபரேஷனுக்கு இருந்த கொஞ்ச நாளில் படுக்கையறை ஒலிப்பதிவுக் கூடமாக மாறியது. எதிரொலி வரக்கூடாது என்று தொழிற்சாலையில் மிஞ்சிய துணிகளைக் கேட்டு வாங்கி வந்து நாலு சுவரிலும் தொங்கவிட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். வாத்தியார் வேர்த்து விறுவிறுக்க வாக்கியம் வாக்கியமாகப் படித்தார். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தால் போதும், “ரிஜெக்ட், மறுபடி சொல்லுங்க” என்பாள். தொண்டை வலிக்கிறது என்றால் வெந்நீர் கொடுப்பாள், விடமாட்டாள். சாகப்போகிற குரலை இப்படியா பிழிவது என்று அவருக்கு அழுகையே வந்தது ஒரு நாள். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பிடிவாதத்துக்குக் கோயில் கட்டலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு ஊமையானது. அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ‘ம்’ மட்டுமே கொட்டத் தெரிந்த லைன் அக்கா பேச ஆரம்பித்தாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, எந்த டெய்லர் யாரோடு சண்டை, எந்த மெஷினுக்கு ஊசி மாற்றினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பேசிப் பழக்கமில்லாதவள், வாக்கியம் பாதியில் நின்றுவிடும், வேறெங்கோ தொடங்கும். வாத்தியார் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. தலைமையாசிரியை நல்ல மனுஷி. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். திறக்கிற அன்று தன் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டட்டும், கடைசி பெஞ்சுக்கு விளங்கினால் அவருடைய வகுப்புகள் அவருக்கே. இல்லையென்றால் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். பேசக் கூடாத இடமாகப் பார்த்துத்தான் எனக்குக் கொடுக்கிறார்கள் என்று வாத்தியார் சிலேட்டில் எழுதி, தானே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவருடைய கண் வரைக்கும் போகவில்லை. கரும்பலகை இல்லாத வாழ்க்கையை அவரால் யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கணினியில் முன்னமே இருந்த யந்திரக் குரலை அவர்கள் போட்டுப் பார்த்தார்கள். மூக்கடைத்தவன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் சிரித்தே கொன்றுவிடுவார்கள். ஆக, அந்த வெட்டித் தைக்கிற மென்பொருள்தான் கதி.

இங்கேதான் சிக்கல். அவர்கள் வீட்டு லேப்டாப் கிழடு. வினாத்தாள் அடிக்க என்று எப்போதோ வாங்கியது, பேட்டரி செத்து, வயரைப் பிடுங்கினால் உயிரை விட்டுவிடும். ஆஸ்பத்திரிக்கு அழுத பிறகு புதுசு வாங்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்த மென்பொருளோ புது மெஷின்களுக்குத்தான் தயாராகக் கிடைத்தது. தம்பி தன் மெஷினில் செய்து அனுப்பியதும் இங்கே திறந்த உடனே படுத்துவிட்டது. புது மெஷினின் பாஷை கிழட்டு மெஷினுக்குப் புரியவில்லை. மனுஷர் எழுதின மூல நிரலை அந்த லேப்டாப்பிலேயே போட்டு, அதற்குப் புரிகிற மாதிரி அதையே மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் வழி. அதற்குப் பெயர் கம்பைல் செய்வது. அடிக்க வேண்டிய கட்டளைகளைத் தம்பி சொல்லிக் கொடுத்தான். அவன் மெஷினில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிகிற வேலைதான் அது.

இங்கே டீ ஆறி, ஆடை கட்டி, கொட்டியும் ஆயிற்று. திரையில் அம்புக்குறி அசையவில்லை. அடிப்பாகம் தோசைக்கல்லாகச் சுட்டது. அவள் லேப்டாப்பைக் கம்பித் தட்டின் மேல் தூக்கி வைத்து, மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். சூடு குறைந்ததே தவிர வேலை நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் நிற்கிற அதே பார்வை. கொஞ்ச நேரம் கழித்துத் தம்பிக்குப் போன் போட்டாள். மெஷினுக்கு வேகம் பத்தவில்லை என்று அவன் சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“வேகமெல்லாம் இருக்குடா. மூளை எவ்வளவு வேலை செய்யுதுன்னு ஒரு கோடு காட்டச் சொன்னியே, அது கீழயே கிடக்கு. சும்மா உக்காந்திருக்கு. ஆனா உள்ள அந்தத் தட்டு மட்டும் கரகரன்னு ஓடிக்கிட்டே இருக்கு, லைட்டும் அணையல. இது டெய்லர் குறை இல்ல. மேசை சின்னது. நாலு பேர் துணிய ஒரே நேரத்துல பிரிக்கச் சொல்லியிருக்க. விரிக்க இடமில்லாம கோடவுனுக்குக் கொண்டுபோறதும் திருப்பி எடுத்துட்டு வர்றதுமா இருக்காங்க. தைக்கிறது எப்ப?”

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அக்கா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்றான். நினைவகம்தான் மேசை, வன்தட்டுதான் கோடவுன். தன் பெரிய மேசையை மனதில் வைத்து, ஒரே சமயத்தில் நாலு கோப்புகளை எடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டான். நாலை ஒன்றாக்கினாள் லைன் அக்கா. ஆள் குறைந்ததும் வேலை ஓட ஆரம்பித்தது. திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. வாத்தியாருக்குத் தன் பெண்டாட்டியை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது. அப்படிச் செய்தால் திட்டுவாள் என்பதால் அவளுக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார்.

ஒன்றொன்றாகப் போகிற வேலை. ஒரு முழுப் பகலும் இரவும் ஓடி, மறுநாள் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. செய்த துண்டுகளை எல்லாம் சேர்த்து ஒன்றாக்குகிற இடம் அது. அங்கே போய், இடம் போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அவள் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், முதல் கட்டளையிலிருந்து திரும்ப எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் போனாள். மறுபடி பகலும் இரவும். மறுபடி அதே இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து.

நாள் முழுக்க வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாத்தியார்தான். போன தடவை போன அதே பெயர்கள் அதே வரிசையில் போவதைப் பார்த்ததும் அவருக்கு உறுத்தியது. முடிந்துபோன துண்டுகளை ஏன் திரும்பச் செய்ய வேண்டும்? சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவள் தலை வாரிக்கொண்டே படித்தாள். அரைகுறையாக நின்ற வேலையை நம்பக் கூடாது, லைன் நின்றால் மேசையைத் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பீஸும் புது பீஸும் கலந்துவிடும் என்றாள். அவள் லைனில் அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் அவள் லைனிலிருந்து போகிற சட்டைகளில் குறை வருவதில்லை. அவ்வளவு உறுதியாகச் சொல்கிறவளிடம் என்ன வாதாடுவது என்று அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் வேலை மூன்றாவது தடவையாக அதே இடத்தில் நின்றது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டே நாள். வாத்தியார் அடுப்படியில் பாலைக் காய வைத்துக்கொண்டே மைத்துனனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். உடனே பதில் வந்தது. ஐயோ மாமா, அந்த முதல் கட்டளை பழசை எல்லாம் அழிக்கிறதுக்கு, அதை ஒரே ஒரு தடவைதான் போடணும், போடாவிட்டால் நின்ற இடத்திலிருந்து அதுவே தொடரும் என்று எழுதியிருந்தான்.

அவர் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டியபடியே, ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்து கத்தினார். கழுத்தில் போட்ட துளை வழியாகக் காற்றுதான் வந்தது. ஓடினார். அவர் கை அவள் தோளில் பட்டபோது அவள் விசையை அழுத்தி முடித்திருந்தாள். பெயர்கள் முதலிலிருந்து ஏற ஆரம்பித்தன. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அவர் போனை நீட்டினார். படித்துவிட்டு அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று தடவை தன் கையாலேயே தைத்ததை எல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

“நீங்க ஒரு குரல் குடுத்திருந்தா…” என்று தொடங்கியவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகான அந்த மூன்று மாதத்தில் அவள் பேசியதிலேயே அவருக்கு வலித்தது அந்தப் பாதி வாக்கியம்தான். அவளுக்கு அதைவிட வலித்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். இவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். போனது போகட்டும், கடைசி இடத்தில் ஏன் நிற்கிறது, துண்டுகள் ஏன் இவ்வளவு கனமாக இருக்கின்றன என்று கேட்டாள். பின்னால் தவறு வந்தால் கண்டுபிடிப்பதற்காக ஒவ்வொரு துண்டிலும் அடையாளக் குறிப்புகள் சேர்ந்தே இருக்கும் என்றான் தம்பி.

“தச்சு முடிச்சதும் எடுத்துடற சாக்பீஸ் கோடும் ஓட்டுத் தையலும் மாதிரியா? பிரிச்சுப் பாக்கப் போறவங்க யாரு, நீயா நானா? அதையெல்லாம் எடுத்துடு. எப்படியும் முதல்ல இருந்துதானே போகுது, வெறும் சட்டையா தைக்கச் சொல்லு.”

அதற்கு ஒரு கட்டளை இருந்தது. செய்த தப்பு ஒரு வகையில் உதவிக்கு வந்துவிட்டது. திரையில் திறந்திருந்த ஜன்னல், படம் என்று மேசையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் மூடச் சொன்னான் தம்பி. வெறும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும் மிஞ்சின. அவள் வேலைக்குத் தாமதமாகப் போனாள். சேர்ந்ததிலிருந்து அவள் தாமதமாகப் போனது அதுதான் முதல் தடவை என்று பிறகு அவருக்குத் தெரிய வந்தது.

அன்று மத்தியானமே கரண்ட் போயிற்று. வாத்தியார் தனியாக உட்கார்ந்து கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்தும் தொடுவதற்குப் பயந்து, அவள் வருகிற வரைக்கும் கை வைக்கவில்லை. அவள் வந்தாள், இரண்டாவது கட்டளையை மட்டும் அடித்தாள். எழுத்துகள் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து ஏறின. அவள் லேப்டாப்பின் முதுகை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் துண்டுகள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏதாவது பேசச் சொல்லிப் பாருங்கள் என்றாள். வாத்தியார் யோசித்து யோசித்து அடித்தார். லேப்டாப் முனகியது, தட்டு கரகரத்தது, வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவருடைய குரல், அவரே மறக்க ஆரம்பித்திருந்த குரல், அறைக்குள் கேட்டது.

“மூணு மாசமா நீ ஒருத்தியே பேசிக்கிட்டிருக்க. எனக்கும் கொஞ்சம் வழி விடு.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போய் அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டாள். அங்கே கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை.

மறுநாள் வகுப்பில் தலைமையாசிரியை பின்னால் நின்றார். ஒரு தொட்டி, அதை நிரப்ப இரண்டு குழாய்கள் என்று வாத்தியார் கணக்கைக் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மெஷின் தன் பாட்டுக்கு நேரம் எடுத்துக்கொண்டது. துண்டுகளைத் தேடி எடுத்துத் தைக்க வேண்டுமே. முதல் வாக்கியம் கேட்டதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவில் கடைசி பெஞ்சில் யாரோ கிசுகிசுத்தார்கள். வாத்தியார் அவசரமாக எதையோ அடித்தார். கிசுகிசுப்பு அடங்கி, எல்லோரும் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்ச், அங்கே என்ன சத்தம் என்று ஸ்பீக்கர் அதட்டியது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார். பிறகு அவரே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவனை எழுப்பிக் கணக்கைச் சொல்லச் சொன்னார். அவன் தொட்டியிலிருந்து விடை வரைக்கும் பிசகாமல் சொன்னான். நாளையிலிருந்து முதல் பீரியட் உங்களுக்குத்தான் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசிரியர் அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, வயரைச் சொருகி, போனை எடுத்து மனைவிக்கு அடித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவளைப் போனில் கூப்பிட்டதே இல்லை, கூப்பிட்டு என்ன செய்வது? முதலில் சொல்ல வேண்டியதை அடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டிருக்கலாம். சந்தோஷத்தில் கணக்கு வாத்தியாருக்கும் கணக்குத் தப்பும். அவள் எடுத்து “ஹலோ” என்ற பிறகுதான், லேப்டாப் இன்னும் முழுசாகத் திறக்கவே இல்லை என்பதைக் கவனித்தார்.

“ஏங்க?” என்றாள்.

அவர் போனை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தட்டு கரகரத்தது. திரை வந்தது. அடித்தார். மறுபடி கரகரப்பு. அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. சத்தமில்லாத போனை யாரானாலும் வைத்துவிடுவார்கள். வைத்துவிடுவாளோ என்று அவர் குனிந்து போனில் காதை வைத்தார். ஒரு பெண் குரல், அக்கா காஜாவில் குவிந்து கிடக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்று அவளைக் கூப்பிட்டது. ஸ்பீக்கரிலிருந்து இன்னும் ஒரு எழுத்துக்கூட வரவில்லை. அப்போது லைன் அக்கா யாருக்கோ பதில் சொல்வது அவர் காதில் தெளிவாக விழுந்தது.

“கொஞ்சம் இரு. எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டிருக்கார்.”